மூன்றாவது இணைப்பு

முதலில் ஒரு விடுகதை.

இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளும். அவர்கள் விலகினால் தானும் நீளும். நெருங்கினால் தானும் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தாலும் பிடியை விடாது. ஆனால் மூன்றாவதாக ஒருவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால், கிழியத் தொடங்கும். அது எது?

அவசரம் வேண்டாம். இந்த விடுகதைக்கு விடை கண்டுபிடிக்க இசக்கிக்கு மூன்று நாள் ஆயிற்று. இசக்கிக்குப் பத்து வயது.

மேலக்கரடு என்ற ஊருக்கு வெளியே, புல் முளைத்த மேடு ஒன்று உண்டு. வெறும் மேடு என்று நினைத்து ஆடுகள் அதில் மேயும். உச்சியில் ஓர் இரும்பு மூடி. மூடியைத் தூக்கினால் ஏணி. இருபத்திரண்டு படி இறங்கினால், ஊர் முழுவதும் குடிக்கும் தண்ணீர் நிற்கிற தொட்டி.

தண்ணீர் இல்லாத நாளில் அதற்குள் நின்றவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரியும். விளக்கைத் தூக்கிப் பிடித்தால் தூண்கள் தெரியும். தூண்களுக்குப் பின்னால் தூண்கள். எதிர்ச்சுவர் தெரியாது. வெளியே உச்சிவெயில் அடிக்கும். உள்ளே அது எந்த நேரமும் இல்லாத நேரம்.

இவ்வளவு பெரிய தரையை ஒரே பாளமாகப் போட முடியாது. கான்கிரீட் வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். அதனால் எட்டுப் பாளமாகப் போட்டு, இடையில் விரல் அகலத்துக்குப் பள்ளம் விட்டிருந்தார்கள். ஏழு பள்ளங்கள். அவற்றில் ரப்பரை நிரப்பி அடைப்பது வழக்கம். அடைத்த இடத்துக்கு இணைப்பு என்று பெயர்.

ஏழில் ஆறு இணைப்புகள் ஒழுங்காக இருந்தன. மூன்றாவது மட்டும் ஆண்டுதோறும் கிழிந்தது.

கிழிந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். தொட்டியை வற்றடித்து வேலை செய்வார்கள். அந்தப் பதினைந்து நாளும் ஊரார் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்பார்கள். மூன்றாவது இணைப்பில் ஏதோ இருக்கிறது என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை.

இந்த ஆண்டு அந்த வேலைக்குத் தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா வந்தாள். முப்பத்தொரு வயது. விசைப்படகுகளின் மேல்தளம், பெட்ரோல் கிடங்கு, நீச்சல் குளம் என்று எது ஒழுகினாலும் அவளைக் கூப்பிடுவார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காததற்குச் சொல்லமாட்டாள்.

அவளிடம் தொழில் கற்க ஒருவர் வந்து சேர்ந்தார். சுடலைமுத்து. கொத்தனார். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முந்தைய ஆண்டுகளில் வேறு காண்டிராக்டர்களோடு இதே தொட்டியில் வேலை செய்தவர்.

கூட வேலை செய்த பையன்கள் கேலி செய்தார்கள்.

"அண்ணாச்சி, மீசை நரைச்ச பொறவு பள்ளிக்கூடமா?"

"நரைச்சதாலதாம்ல டீச்சர் அடிக்க மாட்டாங்க."

அவர் மகள்தான் இசக்கி. காலாண்டுத் தேர்வு விடுமுறை. வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால் மேட்டின் மேல், வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்திருப்பாள்.

முதல் நாள் ஜெசிந்தா இரண்டு டப்பாக்களைத் திறந்து வைத்தாள். பெரியதில் வெள்ளையாக, பாகு மாதிரி. சிறியதில் கறுப்பாக, மை மாதிரி.

சுடலைமுத்து குனிந்து முகர்ந்தார். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அழுகின முட்டை நாத்தம்ல அடிக்கு!"

"கந்தகம் அண்ணாச்சி. பாலிசல்ஃபைடு ரப்பர்னு பேரு. மரத்துல பால் வடிச்சு எடுக்கிற ரப்பர் இல்ல. மனுசன் செஞ்சது."

"இதைப் போயி எவன் தேடிச் செஞ்சான்?"

"தேடல. தூரதேசத்துல ஒருத்தர், குளிர்காலத்துல வண்டி எஞ்சின்ல ஊத்துற தண்ணி உறையாம இருக்க ஏதாவது கிடைக்குமான்னு பாத்தாராம். பானையில என்னமோ கட்டிச்சு. நாத்தம் தாங்காம வடிகால்ல கொட்டினாரு. வடிகால் அடைச்சுக்கிட்டுது. பெட்ரோல ஊத்தினாரு, எண்ணெய ஊத்தினாரு. எதுக்கும் கரையல."

"பொறவு?"

"பொறவு பெட்ரோல் வைக்கிற இடத்துக்கெல்லாம் இதையே பூச ஆரம்பிச்சாங்க. விமானத்து றெக்கைக்குள்ள எண்ணெய் வைப்பாங்கல்ல, அதுக்கும் இதான்."

இசக்கி மரத்தடியிலிருந்து எழுந்து வந்து டப்பாக்களைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஏன் தனித்தனியா இருக்கு?"

ஜெசிந்தா அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"வெள்ளையில நீளநீளமா சங்கிலி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொண்ணோட ரெண்டு நுனியிலயும் கந்தகம். ஆனா அது கையில ஹைட்ரஜனைத் தூக்கி வச்சிருக்கும். கை நிறைய சாமான் இருந்தா அடுத்தவங்க கையைப் பிடிக்க முடியுமா?"

"முடியாது."

"கறுப்பு வந்து அந்தச் சாமானை வாங்கிக்கும். வாங்கினது தண்ணியாப் போயிரும். கை காலியாச்சா, கந்தகம் பக்கத்துக் கந்தகத்தைப் பிடிச்சுக்கும். எல்லாச் சங்கிலியும் சேந்து ஒண்ணாயிரும். அதான் ரப்பர்."

"கலக்காட்டி?"

"டப்பாக்குள்ள மாசக்கணக்கா தூங்கும்."

கலப்பதுதான் பெரிய வேலை. வெள்ளைக் கோடு ஒன்றுகூடத் தெரியக் கூடாது. கோடு தெரிகிற இடம் என்றைக்கும் இறுகாது, ஈரமாகவே கிடக்கும். சுடலைமுத்து கை வலிக்கக் கலந்தார். ஜெசிந்தா கரண்டியால் அடியை வழித்துப் பார்த்து, "இன்னும்" என்பாள். அவர் மறுபடியும் கலப்பார். கலந்து முடித்தால் ஒரு மணி நேரம். அதற்குள் பள்ளத்தில் நிரப்பிவிட வேண்டும். பிறகு அது யார் சொல்லையும் கேட்காது.

பகல் சாப்பாட்டுக்குப் பையன்கள் ஊருக்குள் போய்விடுவார்கள். அந்த நேரம் சுடலைமுத்து மகளைக் கூட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்குவார்.

இது ஜெசிந்தா வந்த பிறகு தொடங்கிய வழக்கம் அல்ல. மூன்று ஆண்டுகளாக, தொட்டி வற்றும்போதெல்லாம், அவர்கள் இறங்கினார்கள்.

தொட்டி கட்டியபோது சுடலைமுத்துவும் அவர் மனைவி வெயிலம்மாளும் சேர்ந்தே வேலை செய்தார்கள். அவர் பூசினார். அவள் சாந்துச் சட்டி சுமந்தாள். அப்போது இசக்கிக்கு நாலு வயது. மேட்டு மேல் விளையாட விட்டிருப்பார்கள். அடுத்த ஆண்டு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து வெயிலம்மாள் போய்விட்டாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கட்டியபோது போட்ட அடைப்பை மாற்றுவதற்காகத் தொட்டியை முதன்முதலாக வற்றடித்த நாளில், இசக்கி அப்பாவோடு இறங்கினாள். மூன்றாவது பள்ளத்தருகே நின்று, சும்மா, எதிரொலிக்காக, "அம்மா" என்று கூப்பிட்டாள்.

"அம்மா" என்று திரும்பி வரவில்லை.

வேறொன்று வந்தது. பள்ளத்தின் அடியிலிருந்து, ஈரத்தோடு வந்தது. சட்டி சுமந்து மூச்சு வாங்குகிறவளின் குரல்.

அந்த முறை சுடலைமுத்துதான் மூன்றாவது இணைப்பை அடைத்தார். வழுவழுப்பான டேப் ஒன்றைப் பள்ளத்தின் அடியில் ஒட்டிவிட்டு, அதற்கு மேல் ரப்பரை நிரப்பச் சொன்னார்கள். கொத்தனார் கை அதற்கு ஒப்பவில்லை. சாந்து வைத்தால் நாலு பக்கமும் பிடிக்க வேண்டும். எங்கேயும் தொட்டும் தொடாமலும் விடக் கூடாது. முப்பது ஆண்டாக அப்படித்தான். யாரும் பார்க்காதபோது டேப்பை உரித்துப் போட்டுவிட்டு, அடியோடு சேர்த்து அழுத்தி நிரப்பினார்.

தொட்டி நிரம்பியது. குரல் நின்றது. நீர் நிறைந்த தொட்டிக்குள் யார் இறங்கிக் கேட்பது?

ஓராண்டு முடிவதற்குள் இணைப்பு கிழிந்தது. தொட்டியை வற்றடித்தார்கள். அப்பாவும் மகளும் இறங்கினார்கள். குரல் இருந்தது.

அடுத்த முறையும் அவர் டேப்பை உரித்தார். அதற்கு அடுத்த முறையும். முதல் முறை செய்தது பழக்கம். மற்ற இரண்டும் பழக்கம் அல்ல.

இந்த முறை ஜெசிந்தா கூடவே நிற்கிறாள். அவள் கண் முன்னே டேப்பை உரிக்க முடியாது; கிழிய வைக்க வேறு வழி தெரிய வேண்டும். இணைப்பு கிழியாவிட்டால் தொட்டியை இன்னும் இருபது ஆண்டுக்குத் திறக்க மாட்டார்கள். அதுதான் சுடலைமுத்துவை மீசை நரைத்த பிறகு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது.

ஐந்தாம் நாள் மாலை, பையன்கள் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் கேட்டார்.

"மேஸ்திரி, எப்படிச் செஞ்சா இது கிழியும்?"

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். எப்படிச் செய்தால் கிழியாது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

அவள் காரணம் கேட்கவில்லை. நீளமான பலகை ஒன்றை எடுத்து வந்தாள். அதன் மேல் நாலு மரக்கட்டைகளை இரண்டிரண்டாக, விரல் அகலம் இடைவெளி விட்டு வைத்தாள். முதல் ஜோடியின் இடைவெளியில், பலகை மேல் டேப் ஒட்டினாள். இரண்டாவதில் ஒட்டவில்லை. மிச்சமிருந்த கலவையால் இரண்டு இடைவெளிகளையும் நிரப்பி, சோப்புத் தண்ணீரில் நனைத்த கரண்டியால் வழித்தாள்.

"மூணு நாள் ஆகட்டும்" என்றாள்.

பிறகு இசக்கியிடம் அந்த விடுகதையைப் போட்டாள்.

இசக்கி முதல் நாள், "தராசா?" என்றாள். "இல்ல."

இரண்டாம் நாள், "சண்டை போட்டவங்களுக்கு நடுவுல சமாதானம் பேசுற ஆளா?" என்றாள். கலக்கிக்கொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. "கிட்டத்துல வந்துட்டே" என்றாள்.

மூன்றாம் நாள் ஜெசிந்தா பலகையைக் கொண்டு வந்து இசக்கி முன் வைத்தாள். பாகாக இருந்தது கறுத்து, இறுகி, அழுத்தினால் உள்வாங்கி மேலெழுந்தது.

"ரெண்டு கட்டையையும் பிடிச்சு இழு. மெதுவா."

இசக்கி முதல் ஜோடியை இழுத்தாள். நடுவில் ரப்பர் மெலிந்து நீண்டது. டேப்பின் மேல் வழுக்கிக்கொண்டே நீண்டது. விட்டாள். பழைய இடத்துக்கே வந்தது.

இரண்டாவதை இழுத்தாள். கட்டைகள் இரண்டு பக்கமும் போகப் பார்த்தன. ரப்பரின் அடி பலகையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. கொஞ்சம் இழுத்ததும், ஓரத்தில், அடியோடு ஒட்டியிருந்த மூலையில், சிறு வாய் திறந்தது. இன்னும் இழுத்தாள். வாய் ஓடிப்போய் மறுகோடியைத் தொட்டது.

அவள் கையில் இருந்த இரண்டு கட்டைகளையும் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். கடைசியில் அப்பாவைப் பார்த்தாள்.

சுடலைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த ரப்பர்தான விடை? மூணாவது ஆளு அடியில இருக்கிற பலகைதான?" என்றாள் இசக்கி.

"இதான்."

ஜெசிந்தா தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். வேலை தொடங்கிய முதல் நாளே மூன்றாவது பள்ளத்திலிருந்து வெட்டி எடுத்த பழைய ரப்பர். அதைக் கவிழ்த்துச் சுடலைமுத்துவின் உள்ளங்கையில் வைத்தாள். அடிப்பக்கம் முழுக்கச் சிமெண்ட் துகள் ஒட்டியிருந்தது. டேப்பின் தடயமே இல்லை.

"முதல் நாளே பாத்துட்டிங்களா?"

"பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன் அண்ணாச்சி."

அவர் அந்தத் துண்டின் மேல் விரல்களை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"உள்ள என் வீட்டுக்காரி இருக்கா மேஸ்திரி."

பைத்தியம் என்பாள், அல்லது பயந்து விலகுவாள் என்று எதிர்பார்த்தார். ஜெசிந்தா விளக்கை எடுத்துக்கொண்டாள்.

"வாங்க" என்றாள்.

தொட்டி வற்றியிருந்ததால் மற்ற ஆறு இணைப்புகளையும் அன்றோடு புதுப்பித்து முடித்திருந்தார்கள். மூன்றாவது மட்டும் பாக்கி. பள்ளத்தைச் சுரண்டிக் காயவைத்து, இரண்டு பக்கச் சுவரிலும் ரப்பர் ஒட்டிப் பிடிப்பதற்கான பிரைமர் பூசியாயிற்று. மேட்டு மேல் கலவை தயாராக இருந்தது. கலந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. சுடலைமுத்து வாளியைத் தூக்கிக்கொண்டார். மூவரும் இறங்கினார்கள்.

பகல் மூன்று மணி. ஏணியின் பாதிக்கு மேல் வெயில் வரவில்லை.

ஜெசிந்தா முதல் இணைப்பருகே நின்று, "ஒண்ணு" என்றாள். தூண்கள் எல்லாம் "ஒண்ணு" என்றன. இரண்டாவதில் "ரெண்டு" என்றாள். "ரெண்டு, ரெண்டு" என்று திரும்பி வந்தது.

மூன்றாவது பள்ளத்தருகே நின்று, "மூணு" என்றாள்.

எதுவும் வரவில்லை. சொல் எங்கோ உள்ளே இறங்கிப் போனது போல் இருந்தது.

வெளியே மேட்டு மேல் வெயில் சாயத் தொடங்கும் நேரம் அது. தலைக்கு மேலே கான்கிரீட் எங்கோ ஒருமுறை முனகியது. பள்ளத்திலிருந்து குளிர்ந்த காற்று கால் விரல்களில் பட்டது. விளக்குச் சுடர் அந்தப் பக்கம் சாய்ந்தது.

"நீ கூப்பிடு" என்றாள் ஜெசிந்தா.

இசக்கி மண்டியிட்டுப் பள்ளத்தின் மேல் குனிந்தாள்.

"அம்மா."

தொட்டி சும்மா இருந்தது. பிறகு, மெதுவாக, அடியிலிருந்து வந்தது. சட்டி சுமப்பவளின் மூச்சு. அதற்குப் பின் குரல். சொற்கள் தேய்ந்திருந்தன. ஆனால் சொற்கள்தான்.

ஜெசிந்தா விளக்கைப் பள்ளத்தின் மேல் தாழ்த்திப் பிடித்தாள்.

"கேட்டுச்சா?" என்றார் சுடலைமுத்து. அவர் கண்கள் ஈரமாயிருந்தன. "அவதான. நீங்களே சொல்லுங்க, அவதான?"

"எனக்கு அவங்களத் தெரியாதே அண்ணாச்சி." பிறகு இசக்கியிடம் கேட்டாள். "என்ன சொல்லுது?"

இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அப்பா குரலைத்தான் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"'ஏட்டி இசக்கி, மேல போ'ங்குது."

"எப்பவும் அதேதானா?"

"எப்பவும் அதேதான்."

சுடலைமுத்து வாளியைக் கீழே வைத்தார்.

அவருக்கு நினைவு வந்தது. மேட்டு மேல் விளையாடிய நாலு வயதுக் குழந்தை, திறந்திருந்த மூடி வழியாகத் தலையை நீட்டி எட்டிப் பார்க்கும். கீழிருந்து வெயிலம்மாள் தலைச் சுமையோடு அண்ணாந்து சத்தம் போடுவாள். ஒரு நாளைக்குப் பத்து முறை. ஏட்டி இசக்கி, மேல போ. மேல போ. விழுந்திருவ.

வாளியிலிருந்த கலவையின் மேல்பக்கம் பளபளப்பை இழந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அரைமணி நேரம்தான் அண்ணாச்சி இருக்கு."

"டேப் வேண்டாம்" என்றார் அவர். "ஒரு வருசம். ஒரே ஒரு வருசம் விடுங்க."

"ஊர் தண்ணி அது."

"ஒரு சாண். அந்த ஒரு சாண் இடத்துல மட்டும் டேப் வேண்டாம். அடியைப் பிடிச்சுக்கிடட்டும்."

"ஒரு சாண் கிழிஞ்சா போதும். மிச்சம் தானா கிழியும்."

அவர் பள்ளத்தருகே உட்கார்ந்துவிட்டார். தன் உள்ளங்கையால் அதன் அடியைத் தொட்டார். இரண்டு பக்கமும் பிரைமர் பிசுபிசுத்தது. அடி வறண்டு, சில்லென்று இருந்தது.

"டேப்பை ஒட்டிட்டா அவளை யாரு பிடிச்சிருப்பா மேஸ்திரி? அடி தனியாப் போயிராதா?"

ஜெசிந்தா டேப்புச் சுருளை இடுப்புப் பையிலிருந்து எடுத்தாள். அவரிடம் கொடுக்கவில்லை. இசக்கியிடம் நீட்டினாள். விளக்கைத் தரையில் வைத்தாள்.

"அடி எங்கயும் போகாது அண்ணாச்சி. அது அங்கயேதான் இருக்கும். நகர்றது ரெண்டு பக்கமுந்தான்."

சுடலைமுத்து மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

பள்ளத்தின் அடியிலிருந்து மறுபடியும் மூச்சு கேட்டது. இந்த முறை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

இசக்கி சுருளின் நுனியை நகத்தால் பிரித்தாள். பள்ளத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை, ஒரு சாண்கூட விடாமல் ஒட்டினாள். சுருளை அப்பாவின் மடியில் வைத்தாள். பிறகு ஏணியில் ஏறி மேலே போனாள்.